குப்பைப் பையில் கிடைத்த கிரேக்கம்

சில வாரங்களுக்கு முன் ஆரா நகரத்தில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தேன். என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை. இங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கிறாள். ஓய்வுபெற்ற கிழவனிடம் என்ன கதைப்பது என்று தெரியாமலோ என்னவோ, தான் அந்த வாரம் படித்த 'கல்யாணி சோதனை' பற்றி எனக்கு விளக்கத் தொடங்கினாள்.

"ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு சுவடி இருக்கு, அங்கிள். இது இன்ன மொழிதான் எண்டு ஒருத்தர் வாசிச்சுக் காட்டுறார். அப்ப அவருக்குச் சொல்லாமல் வேற மொழியில எழுதின பக்கத்தையும் கலந்து குடுக்கவேணும். அதிலயும் அவருக்கு அதே மொழி வந்தால், அவற்ற வாசிப்பு சரியில்லை. விளங்குதோ?"

விளங்குது என்றேன். கையில் இருந்த பற்றீஸ் பலகாரத்தை மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த வேறு மொழிப் பக்கங்களை உட்கார்ந்து செய்தவன் நான். சோதனைக்குப் பெயர் மட்டும் கல்யாணி.

வீட்டுக்கு வந்து மனைவி புவனாவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டே சொன்னாள். "உதை எழுதித் துலையுங்கோவன். எனக்குச் சொல்லிச் சொல்லி என்ர காது புளிச்சுப் போச்சு."

ஆகவே எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்த கதை என் வயதுக்காரர் எல்லோருடைய கதையும்தான். சோலோதுர்னில் ஒரு உணவகச் சமையலறை, பிறகு ஒரு அச்சகம். அச்சகத்துக்குக் கணினி வந்தபோது அதைத் தொட்டுப் பார்க்கத் துணிந்தவன் நான் என்பதால் எழுத்துருக்கள் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய கிரேக்கப் பாடநூல் ஒன்றுக்கு எழுத்துக் கோக்கப் போய், அந்த மொழி என்னைப் பிடித்துக்கொண்டது. மாலை வகுப்பில் சேர்ந்தேன். பூம்ப்ளிஸில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த ஒரு அண்ணை, "கிரேக்கமோ? அதுக்கு ஆர் சம்பளம் தருவினம்?" என்று கேட்டார். சில வருடங்களில் பேர்ணில் ஒரு ஆய்வு நிலையம் தந்தது. பழைய சுவடிகளைப் படம் எடுத்து, எழுத்துகளைப் படியெடுத்து, கணினியில் ஏற்றி எண்ணிப் பார்ப்பதுதான் வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

நிலையத்தின் தலைவி பேராசிரியர் எஷ்லிமன். நாங்கள் அவரை ஃப்ரவ் எஷ்லிமன், அதாவது திருமதி என்போம்; அவர் எங்களை ஹெர், அதாவது திரு என்பார். உயரமானவர், மெதுவான பேர்ண் ஜெர்மன் பேசுவார், கிரேக்கத்தில் கரை கண்டவர். காலை இடைவேளையில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி இருப்போம். அவர் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து ஒரு அப்பிளைத் துண்டு துண்டாக வெட்டுவார். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் அப்போதுதான் சொல்ல வேண்டும். அவர் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்பார். நல்லது என்றோ பிழை என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. "பார்க்க வேண்டும்" என்பார். அது முடிந்ததும் ஒரு கேள்வி வரும்.

"இது பிழையாகிப்போனால் இந்த மேசையில் யாருக்குச் சந்தோஷம்?"

புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். அந்தக் கேள்விக்கு யார் கை உயர்த்துகிறாரோ அவரிடம்தான் சோதிக்கும் வேலை போகும். யாரும் உயர்த்தாவிட்டால் அவரே ஆளைக் காட்டுவார். சிநேகிதர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். ஒருமுறை ஒருவர் ஒரு தோல் ஏட்டின் வயதைக் கணித்துக் கொண்டுவந்தார். அதைச் சரிபார்க்க ஃப்ரவ் எஷ்லிமன் தேர்ந்தெடுத்தது, அதே மாடியில் வேலை செய்த அந்த மனிதரின் முன்னாள் மனைவியை. கணிப்பு அவருடைய சோதனையையும் தாண்டி நின்றது. அதற்குப் பிறகு அந்த ஏட்டின் வயதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

முறையும் கண்டிப்பானது. கண்டுபிடித்தவர் தன் விதிகளை முழுவதும் எழுதிக் கையொப்பம் வைத்துத் தர வேண்டும். அதற்குப் பிறகு ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. சோதிப்பவரும் அவரும் சோதனை முடியும்வரை அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கக் கூடாது. சுவடியின் சில பக்கங்கள் தொடக்கத்திலேயே பூட்டி வைக்கப்படும். விதிகள் உண்மையென்றால் முன்பின் பார்த்திராத அந்தப் பக்கங்களிலும் அவை செல்ல வேண்டும்.

இனி தேனீப் புத்தகத்துக்கு வருகிறேன். ஒரு பழைய குடும்பத்தின் பெட்டியிலிருந்து நிலையத்துக்கு வந்த கையகலச் சுவடி அது. ஓரங்களில் தேன்கூடுகள் வரைந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். எழுத்து உலகத்தில் வேறெங்கும் இல்லாத எழுத்து. வரிக்கு வரி, குறிக்குக் குறி அதைப் படியெடுத்தவன் நான். அந்தக் குறிகளுக்கு ஒரு எழுத்துருவும் செய்தேன். பூட்டி வைத்த பக்கங்களும் என் கையால் போனவைதான். வருடக் கணக்கில் அதோடு குடும்பம் நடத்தினேன் என்று புவனா சொல்வாள்.

அதில் ஒன்றைக் கவனித்தவனும் நான். பழைய கிரேக்கத்தில் ஒரு சொல் எப்படி வேண்டுமானாலும் முடியாது. உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் மூன்று மெய்களில் ஒன்றில் முடியும், மிச்சம் அத்தி பூத்தாற் போலத்தான். தேனீப் புத்தகத்திலும் சொற்களின் கடைசியில் ஒரு சில குறிகளே திரும்பத் திரும்ப வந்தன. குறிகளின் எண்ணிக்கையும் கிட்டத்தட்டக் கிரேக்க எழுத்துகளின் எண்ணிக்கைதான். இது கிரேக்கமாக இருக்குமோ என்று எனக்கு உள்ளூர ஓர் எண்ணம். அதை ஒருநாள் கோப்பி குடிக்கும்போது புதிதாக வந்த கல்யாணியிடம் வாய்தவறிச் சொன்னேன்.

கல்யாணி மதுரைப் பக்கத்துப் பெண். கிரேக்கத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கியவள், நிலையத்தில் ஒப்பந்த வேலைக்கு வந்தவள். வந்த முதல் நாளே என்னை "சார்" என்றாள். வாழ்நாளில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. இரண்டாம் நாள் ஆரே ஆற்றைப் பார்த்த ஜன்னல் அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். நான் அந்த அறைமேல் எத்தனையோ வருடமாகக் கண் வைத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது படிக்கட்டுக்குப் பக்கத்து அறை. நான் முகம் கோணவில்லை. அவளுடைய மேசையைத் தூக்கிவைக்கக்கூட உதவி செய்தேன். வயிறு எரிந்தது வேறு விஷயம்.

ஒரு குளிர்காலம் முடிவதற்குள் அவள் புத்தகத்தை வாசித்துவிட்டாள். ஒரு காலை மேசையில் எழுந்து நின்று, அது பழைய கிரேக்கம்தான், பிற்காலத்து எழுத்தன் ஒருவன் காதால் கேட்டபடி எழுதிவைத்திருக்கிறான் என்றாள். சில வரிகளை வாசித்தாள். முதல் தேனைத் தேவிக்கு வார்க்க வேண்டும், கூட்டைக் கிழக்கே திருப்பி வைக்க வேண்டும் என்று அருமையாக வந்தது. ஃப்ரவ் எஷ்லிமன் அப்பிள் வெட்டுவதை நிறுத்தினார். நான் எத்தனை காலம் அந்த மேசையில் பேசியிருக்கிறேன், எனக்காக அந்தக் கத்தி ஒருநாளும் நின்றதில்லை. கல்யாணி எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையில் என் பெயர் அடிக்குறிப்பில் இருந்தது. எழுத்துருவுக்கு நன்றியாம். சொல்லின் கடைசிக் குறிகளைப் பற்றி நான் சொன்னதும் இருந்தது, 'உரையாடலில் சுட்டிக்காட்டினார்' என்று ஒரு வரி. களவு என்று சொல்ல முடியாதபடி ஒழுங்காகத்தான் செய்திருந்தாள். அதுதான் இன்னும் எரிந்தது.

வழமையான கேள்வி வந்தது. யாருக்குச் சந்தோஷம்? நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கை உயர்த்தவில்லை.

"ஹெர் நடராசா, நீங்கள் செய்யுங்கள்" என்றார் ஃப்ரவ் எஷ்லிமன் என்னைப் பார்த்து.

புத்தகத்தை நன்றாகத் தெரிந்தவன் என்பதால் கொடுக்கிறார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் துள்ளினேன்.

அன்று மாலை வீட்டில் புவனா விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கினாள். அவளுக்கும் கல்யாணிக்கும் ஒய்ரோப்பாபிளாட்ஸ் சதுக்கத்துக் கோயிலில் நல்ல சிநேகம். "அந்தப் பிள்ளைக்குக் கோடையோட வேலை முடியுதாம். உந்த வாசிப்பு பிழையெண்டு வந்தால் நிதி தாற ஆக்கள் நீட்டமாட்டினமாம். நீட்டாட்டி விசாவும் இல்லை. இந்தியாப் பாஸ்போட் எல்லோ. மகள் இப்பதான் கிண்டர்கார்டன் போகத் தொடங்கினவள், எங்களைவிட வடிவா பேர்ண் பாஷை கதைக்கிறாள். பாத்துச் செய்யுங்கோ."

"பாத்துத்தான் செய்வன்" என்றேன்.

"நான் சொன்னது வேற பார்வை."

அடுத்த நாளே அவளுடைய விதிகளைக் கையில் எடுத்து உட்கார்ந்தேன். வாரக் கணக்கில் அதிலேயே கிடந்தேன். சாப்பாட்டு நேரத்திலும் அதுதான். காதலிப்பவனுக்குக்கூட அவ்வளவு பொறுமை வராது. ஒவ்வொரு விதியும் தனித்தனியே நியாயமாக இருந்தது. எழுத்தன் காதால் எழுதியதால் 'ஈ' என்று ஒலிக்கும் ஐந்தாறு கிரேக்க எழுத்துகளிலும் கூட்டெழுத்துகளிலும் எதையும் எதற்கும் கொள்ளலாம். சரி, பழைய எழுத்தர்கள் அப்படிக் குழம்பியதுண்டு. சொல்லின் கடைசியைச் சுருக்கி எழுதியிருக்கலாம், வாசிப்பவர் நிரப்பிக்கொள்ளலாம். அதுவும் உண்டு. சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சில இடங்களில் தவறாக விழுந்திருக்கலாம். அதையும் கண்டிருக்கிறேன். ஆனால் மூன்றையும் சேர்த்து வைத்தால் சல்லடையின் கண் பெருத்துவிடுகிறது. அதற்குள்ளால் எதுவும் விழும் என்று எனக்குப் பட்டது. பட்டால் போதாது, காட்ட வேண்டும்.

வழக்கப்படி பூட்டிய பக்கங்களை மட்டும் கொடுத்திருந்தால் அவள் அவற்றையும் வாசித்திருப்பாள், கிரேக்கம் வந்திருக்கும், சோதனை வென்றிருக்கும். அப்போதுதான் பொய்ப் பக்கங்கள் செய்யும் யோசனை வந்தது. தேனீப் புத்தகத்தின் குறிகளிலேயே, ஆனால் நிச்சயமாகக் கிரேக்கம் இல்லாத மொழியில். முதலில் ஜெர்மனை எடுத்துப் பார்த்தேன். ஜெர்மன் சொற்கள் கண்டபடி முடிவதால் உடனே காட்டிக்கொடுத்தது. பிறகுதான் தமிழ் கண்ணில் பட்டது. தமிழ்ச் சொல்லும் உயிரில் முடியும், அல்லது மென்மையான சில மெய்களில் முடியும். கிரேக்கத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் நடை ஒத்துப்போகும்.

என்ன தமிழ்? இலக்கியம் எதையும் எடுத்தால் கல்யாணி மோப்பம் பிடித்துவிடுவாள் என்று பயம். என் மேசையில் நகரசபைக்காக நான் மொழிபெயர்த்த ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. குப்பையை எப்படிப் பிரிப்பது, காசு கொடுத்து வாங்கும் எந்தப் பையில் போடுவது, எப்போது வெளியே வைப்பது என்று தமிழ்ச் சனத்துக்குச் சொல்வது. அதை எடுத்தேன். குறில் நெடில் பேதத்தை விட்டு, ஒலிக்கு ஒரு குறியாக மாற்றி, மூன்று பக்கம் செய்தேன். பூட்டியிருந்தவற்றில் மூன்று உண்மைப் பக்கங்களைச் சேர்த்துக் கலக்கினேன். எதிலாவது என் கை சாய்ந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். குறுக்கு வழியில் அவளை வீழ்த்தினால் அந்த வெற்றி எனக்கு இனிக்காது. அவள் ஒழுங்கான முறையில் விழ வேண்டும், நான் ஆசை தீரப் பார்க்க வேண்டும்.

அந்த நாட்களில் படிக்கட்டில் அவளைக் காணும்போதெல்லாம், "எப்படிச் சுகம்?" என்று கேட்பேன். "நல்லா இருக்கேன் சார்" என்பாள். அவ்வளவுதான்.

முடிவு சொல்லும் காலையில் மேசையில் எல்லோரும் இருந்தோம். கல்யாணி ஆறு பக்கங்களையும் வாசித்திருந்தாள். ஆறிலும் கிரேக்கம். எது எதுவென்று தெரியாமல் ஃப்ரவ் எஷ்லிமன் அந்தக் கிரேக்கத்தைத் தரம் பார்த்திருந்தார். நான்காம் பக்கம்தான் மிகச் சுத்தமான கிரேக்கம் என்றார். அதில் ஓடைக் கரையில் வெண்ணிறக் கூடுகளை அடுக்கும்படியும், விடியலில் தேவியை அழைக்கும்படியும் இருந்ததாம்.

"அந்தப் பக்கத்தின் மூலம் என்ன, ஹெர் நடராசா?"

எழுந்து தமிழிலேயே வாசித்தேன். "பழைய தாள்களை நூலால் கட்டி, சேகரிக்கும் நாளன்று காலையில் மட்டும் வெளியே வைக்கவும். கட்டணப் பையில் இடப்படாத குப்பை அகற்றப்படமாட்டாது."

மேசையில் மற்ற யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கல்யாணிக்கு மட்டும் விளங்கியது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதற்காகவே காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்தினாள், பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சார், இந்த நோட்டீஸ் எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு சார். தினம் பாக்கறேன்."

பிறகு அவளே அதை ஜெர்மன் மொழியில் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ஃப்ரவ் எஷ்லிமன் மட்டும் சிரிக்காமல், "புத்தகம் கிரேக்கம் இல்லை என்று நாம் காட்டவில்லை. கிரேக்கம் என்று காட்ட நமக்கு வழி இல்லை என்றுதான் காட்டியிருக்கிறோம். அப்படியே எழுதுங்கள்" என்றார்.

அன்று ட்ராமில் வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, மிகவும் சந்தோஷமாக இருந்தது. புவனா அன்றிரவு சாப்பாட்டைப் போட்டுவிட்டு முகம் கொடுக்காமல் போய்விட்டாள். சில நாளில், நிதி நீட்டப்படவில்லை என்று செய்தி வந்தது.

கல்யாணி அந்தச் சோதனையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர், என்னுடையது முதலில்.

"என்ர பேரை எடுத்துவிடுங்கோ" என்றேன்.

"ஏன் சார்? டெஸ்ட் உங்களோடது."

"பிழையாப்போன வாசிப்பைப் பற்றின கட்டுரைக்கு என்னத்துக்கு என்ர பேர்? அதுவும் குப்பை நோட்டீசோட."

"நிச்சயமா வேண்டாமா?"

"ஓம், வேண்டாம்."

அவள் தோல்வியில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். அந்தக் கட்டுரை போகாத இடமில்லை. தன் கண்டுபிடிப்பைத் தானே உடைத்துக் காட்டிய ஆராய்ச்சியாளர் என்று அவளைக் கூப்பிடாத மாநாடு இல்லை. குப்பைப் பிரசுரத்தைப் படம் போட்டுக் காட்டினால் அரங்கம் சிரித்து உருளுமாம். கோடை முடிவதற்குள் வேறொரு நகரத்துப் பல்கலைக்கழகம் அவளுக்கு நிரந்தர வேலை கொடுத்தது. விசா, மகளின் பள்ளிக்கூடம், எல்லாம் நேராகிவிட்டது. புவனா கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். நான் பிரசாதத்தைத் தொடவில்லை. என் பிரசுரம், என் எழுத்துரு, என் பொறி, அவளுடைய பெயர். இதைத்தான் புவனாவின் காது புளிக்கும்வரை சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஃப்ரவ் எஷ்லிமன் ஓய்வு பெற்றார். நிலையத்தில் ஒரு சிறிய விருந்து வைத்தார்கள். கல்யாணியும் வந்திருந்தாள். நான் ஒரு ஓரத்தில் ஃப்ரவ் எஷ்லிமனோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டதால் அவரும் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தார். அத்தனை சோதனைகளில் அந்தத் தேனீப் புத்தகச் சோதனையை எனக்குத் தந்தது ஏன் என்று கேட்டேன். என் திறமையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரும் என்ற ஆசைதான்.

"நானா தந்தேன்?" என்றார். "எனக்கு அந்தச் சோதனையை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைக்கத்தான் எண்ணம். அதற்குள் அவளுடைய ஒப்பந்தம் நீண்டிருக்கும். அவள் என் அறைக்கு வந்து, நிதி முடிவாகும் முன்பே வைக்க வேண்டும் என்றாள். உங்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள்."

"ஏன் நான்?"

"'ஹெர் நடராசாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது, அவர் ஒரு ஓட்டையையும் விடமாட்டார்' என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்கள் அவளோடு எவ்வளவு மரியாதையாக நடந்தீர்கள்."

அவ்வளவு காலமும் நான் யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

கல்யாணியைத் தேடிப் போனேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள்.

"சோதனையைப் பிந்தி வைக்கிறன் எண்டு ஃப்ரவ் எஷ்லிமன் சொன்னவவாம். ஏன் மாட்டன் எண்டனீங்கள்? விசா முடியப்போகுது, பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. எல்லாம் நீங்களே கெடுத்துக்கொள்ளப் பாத்தனீங்கள்."

"நீட்டிச்சிருப்பாங்க சார். நானும் அந்த ரூம்லயே இருந்திருப்பேன். ஆனா வாசிச்சது சரியா தப்பான்னு எனக்கே தெரியாம இருந்திருக்கும். வேற யார்கிட்ட குடுத்தாலும் பாவம்னு விட்டிருப்பாங்க. நீங்க விடமாட்டீங்கன்னு தெரியும்."

"நான் பொறாமையில செய்தனான்" என்றேன்.

"தெரியும் சார். அதான் கேட்டேன்."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

ஜன்னல் அறைக்கும் மாநாடுகளுக்கும் சோதனையின் பெயருக்கும் நான் பட்ட பொறாமை வேறு. அவை என் கைக்கு வந்திருந்தால் நானும் வைத்துக்கொண்டிருப்பேன், அவளைவிட மோசமாக ஒன்றும் நடந்திருக்காது. தன் வாசிப்பை உடைக்க என்னையே கேட்டு வாங்கினாளே, அதற்குப் படும் பொறாமை அப்படி இல்லை. தேனீப் புத்தகம் கிரேக்கம் என்று அவளுக்கு வெகுகாலம் முன்பே நினைத்தவன் நான். எனக்கென்று ஒரு வாசிப்பும் பாதி செய்து வைத்திருந்தேன். அவள் வருமுன் பன்னிரண்டு வருடம் அந்த மேசையில் இருந்தும் அதை நான் அங்கே வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் ஃப்ரவ் எஷ்லிமன் அதை யார் கையில் கொடுப்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.